குழந்தைகளின் மூளைச் செயல்பாட்டுப் படங்கள்: ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஸ்கேனர் அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததும் என் கண் முதலில் போவது ஒரு கோட்டின் மேல்தான். உள்ளே படுத்திருக்கும் குழந்தையின் தலை எவ்வளவு நகர்கிறது என்பதைக் காட்டிக்கொண்டே ஓடும் கோடு அது. குழந்தை அமைதியாகக் கிடந்தால் குளத்து நீர் போல் இருக்கும். எச்சில் விழுங்கினால் ஒரு சிற்றலை எழும். மூக்கு அரித்துக் கையைத் தூக்கிவிட்டால் ஒரு பனைமரமே முளைத்துவிடும். மூளையில் எந்தப் பகுதி ஒளிர்ந்தது என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கோட்டைப் பார்க்கப் பழகுங்கள். இந்தத் துறையின் கடந்த பதினைந்து ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கோட்டோடு பிணைந்தது.

உளவியல், சிறப்புக் கல்வி, உயிர்மருத்துவப் பொறியியல், நரம்பியல் என எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், குழந்தை மூளை ஆய்வுகளைப் படிக்கவும் பிறகு கைவைக்கவும் விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகப் போங்கள். மூன்றாம் படியை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள்.

முதல் படி: எந்தக் கருவி எதை அளக்கிறது என்று தெளியுங்கள்

மூளை வேலை செய்வதை எம்ஆர்ஐ ஸ்கேனரில் படமெடுக்கும் முறைதான் எஃப்எம்ஆர்ஐ. நரம்பணுக்கள் பேசுவதை அது நேரடியாகக் கேட்பதில்லை. ஓரிடத்தில் நரம்பணுக்கள் சுறுசுறுப்பானால், ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் அங்கே தேவைக்கு மேலேயே பாய்கிறது. ஆக்சிஜனைச் சுமந்த ஹீமோகுளோபினுக்கும் அதை இறக்கிவைத்த ஹீமோகுளோபினுக்கும் காந்தப் பண்பு வேறு. அந்த வேறுபாட்டைப் படமாக்கலாம் என்று 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா காட்டினார். 1992இல் மனித மூளையிலும் அதைச் செய்து காட்டினார்கள். ரத்தம் மெதுவாகத்தான் வந்து சேரும். ஒரு காட்சி கண்ணில் பட்டு ஐந்தாறு நொடி கழித்தே அலை உச்சியைத் தொடும். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களில் அது இன்னும் தாமதமாகிறது. பெரியவர்களுக்கென வைத்திருக்கும் அலை வடிவத்தைப் பச்சிளங்குழந்தைக்கு அப்படியே பொருத்தினால், உண்மையில் இருக்கும் செயல்பாடுகூடக் கண்ணில் படாமல் போகலாம்.

ஈஈஜி, தலையில் வைக்கும் மின்முனைகள் வழியே, மூளையின் மின்செயல்பாட்டை நேரடியாகவே பிடிக்கிறது. நேரத்தில் மில்லிநொடித் துல்லியம் உண்டு, இடத்தில் இல்லை. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதல் மனித ஈஈஜியைப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். தம் மகன் கிளாஸின் தலையிலும் அவர் மின்முனைகளை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். ஆக, இளையவர் ஒருவர் இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறார்.

எஃப்நிர்ஸ் என்பது அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தலைக்குள் செலுத்தி, திரும்பி வரும் ஒளியிலிருந்து ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் கணிக்கும் முறை. அதற்கு அடிப்படை போட்டவர் ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற ஆய்வாளர், 1977இல். ஒளி மூளையின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரைதான் போகும், ஆழத்தில் இருப்பதை அது காணாது. ஆனால் குழந்தை அம்மாவின் மடியில் உட்கார்ந்தபடியே பதிவு செய்யலாம், சத்தமும் இல்லை. குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

இந்த இரண்டு கருவிகளுக்கும் நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காலையில் தேங்காய் எண்ணெய் தடவி இறுகப் பின்னிய சடையோடு ஒரு குழந்தை வந்தால், எண்ணெய்ப் படலம் ஈஈஜி மின்முனைக்கும் தோலுக்கும் இடையே தடையாக நிற்கும். அடர்ந்த கறுத்த முடி எஃப்நிர்ஸ் ஒளியை விழுங்கிவிடும். பின்னலை அவிழ்த்து, ஒவ்வொரு உணரிக்கும் கீழே முடியை ஒரு மெல்லிய குச்சியால் வகிடு எடுத்து ஒதுக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஆகும், குழந்தையின் பொறுமை இருபது நிமிடத்தில் தீரும். ஆகவே முதல் நாள் தொலைபேசியில் பேசும்போதே, 'தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் அழைத்து வாருங்கள்' என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வரியை மறந்ததால் வீணான பதிவுகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்த வேண்டும். அதனால் நலமான குழந்தைகளிடம் ஆய்வுக்காக அதைச் செய்வதில்லை. ஆனால் ஹாரி சுகானியும் உடன் பணியாற்றியவர்களும் 1987இல் வெளியிட்ட பெட் ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். குழந்தையின் மூளை மூன்று நான்கு வயதுக்குள் பெரியவர்களைவிட அதிகமாகக் குளுக்கோஸை எரிக்கத் தொடங்கி, ஒன்பது பத்து வயது வரை அப்படியே எரித்துக்கொண்டிருக்கிறது என்று அது காட்டியது. குழந்தை மூளை பெரியவர் மூளையின் சிறிய நகல் என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

எம்ஈஜி மூளையின் காந்தப்புலத்தை அளக்கிறது. பழைய எம்ஈஜி திரவ ஹீலியத்தில் குளிரூட்டிய, அசையாத, பெரியவர் தலைக்கு அளவெடுத்த தொப்பி. சின்னத் தலை அதற்குள் அங்குமிங்கும் ஆடும். 2019இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் குழு, அந்தக் குளிரூட்டல் தேவைப்படாத சிறிய உணரிகளை ஒரு மிதிவண்டித் தலைக்கவசத்தில் பொருத்தி, இரண்டு வயதுக் குழந்தைக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் போட்டுவிட்டது. அம்மா தொடும்போது மூளையில் எழும் எதிர்வினை அதில் பதிவானது. குழந்தையைக் கருவிக்கு ஏற்ப அடக்கி வைப்பதிலிருந்து, கருவியைக் குழந்தைக்கு ஏற்பத் திருத்துவதை நோக்கி இந்தத் துறை நகர்கிறது. இன்றைய போக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இரண்டாம் படி: ஓர் ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது

பி. ஜே. கேஸி குழு 1995இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். எஃப்எம்ஆர்ஐயைக் குழந்தைகளிடம் பயன்படுத்திய மிக முந்தைய ஆய்வுகளில் அது ஒன்று. நினைவுப் பணி ஒன்றைச் செய்யும்போது குழந்தைகளின் முன்நெற்றிப் பகுதி செயல்படுவதை அது காட்டியது. அதே ஆண்டில் பாரத் பிஸ்வால் ஒன்றைக் கவனித்தார்: ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும்போதும், இடக்கையை இயக்கும் பகுதியும் வலக்கையை இயக்கும் பகுதியும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐ என்ற பெரும் கிளை அதிலிருந்து முளைத்தது. பணி எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, சும்மா படுத்திருந்தால் போதும் என்பதால் குழந்தை ஆய்வாளர்கள் அதை இரு கையாலும் வரவேற்றார்கள்.

சும்மா படுத்திருப்பது குழந்தைக்கு எவ்வளவு கடினம் என்பதை அப்போது யாரும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாம் படி: 2012ஐப் புரிந்துகொள்ளுங்கள்

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு உட்படப் பலர் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அழகான ஒரு சித்திரத்தை முன்வைத்தார்கள். இரு பகுதிகள் ஒன்றாக ஏறி இறங்கினால் அவற்றுக்குள் இணைப்பு உண்டு என்று கொள்வார்கள். சிறு வயதில் மூளையில் பக்கத்துப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு வலுவாக இருக்கிறது. வளர வளர அது தளர்ந்து, தொலைவில் உள்ள பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு வலுக்கிறது. பிள்ளைகள் தெருவில் விளையாடி, பிறகு வெளியூர் போய், பிறகு உலகத்தோடு பழகுவது போல. 2010இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை, 7 முதல் 30 வயது வரையிலானவர்களின் 238 ஸ்கேன்களைக் கொண்டு, ஒருவரின் மூளை முதிர்ச்சியைக் கணிக்கலாம் என்றது.

2012இல் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எச்சரிக்கை மணி அடித்தன. தலை ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி நகர்ந்தாலே, அருகிலுள்ள பகுதிகளின் இணைப்பு உள்ளதைவிட வலுவாகவும், தொலைவிலுள்ளவற்றின் இணைப்பு உள்ளதைவிட வலுவிழந்தும் தெரியும். அதிகம் அசைபவர்கள் யார்? சின்னக் குழந்தைகள். அப்படியானால் வளர்ச்சி என்று படித்த கதையில் ஒரு பங்கு, பெரிய பிள்ளைகள் அடங்கிப் படுத்திருந்ததன் கதை. இதைச் சொன்ன மூன்றில் ஒரு குழு அதே செயின்ட் லூயிஸ் குழு. தங்கள் பழைய முடிவின் ஒரு பகுதி அசைவால் வந்திருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன், என் மாணவர்களுக்கும் அந்தக் கட்டுரையைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

எனவே எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும், வண்ணப் படங்களைத் தள்ளிவைத்துவிட்டு முறையியல் பகுதிக்குப் போய் இவற்றைத் தேடுங்கள். ஸ்கேனர் அடுத்தடுத்து எடுக்கும் ஒவ்வொரு முழு மூளைப் படமும் ஒரு சட்டம்; சட்டத்துக்குச் சட்டம் தலை நகர்ந்த அளவின் சராசரி எவ்வளவு? எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் போன சட்டங்களை நீக்கினார்கள்? 0.5, இன்னும் கறாரானவர்கள் 0.2 என்று வைப்பது வழக்கம். நீக்கிய பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை நிமிடப் பதிவு மிஞ்சியது? இரு குழுக்களை ஒப்பிட்டால், அசைவில் அவர்கள் சமமா? ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும், உள்ள பிள்ளைகளை மற்றவர்களோடு ஒப்பிடும் ஆய்வில் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்த முடிவை நான் கணக்கில் எடுப்பதில்லை.

எத்தனை குழந்தைகள் அசைவால் முழுதாக விலக்கப்பட்டார்கள் என்றும் பாருங்கள். அசையாமல் இருந்த பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டால் சாந்தமான, சற்று மூத்த பிள்ளைகளின் மூளையைத்தான் ஆராய்ந்திருக்கிறோம். துறுதுறுவென்று இருக்கும் பிள்ளை கணக்கிலேயே வரவில்லை.

நான்காம் படி: குழந்தையைத் தயார் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்

இதை எந்தக் கட்டுரையும் உங்களுக்குச் சரியாகச் சொல்லித்தராது. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தை ஆய்வகங்களில் போலி ஸ்கேனர் ஒன்று இருக்கும். காந்தம் இல்லாத வெறும் கூடு, ஒலிபெருக்கியில் ஸ்கேனரின் இரைச்சல். உண்மையான ஸ்கேனரின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடியது, காதடைப்பான் இல்லாமல் குழந்தையை உள்ளே விடவே கூடாது. அந்தச் சத்தத்தைப் போலிக் கூட்டில் முதலில் மெல்லவும் பிறகு உரக்கவும் கேட்கவைத்துப் பழக்க வேண்டும்.

ஒருமுறை ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைப் பழக்கிக்கொண்டிருந்தோம். 'அசையக் கூடாது கண்ணா, சரியா?' என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு அவன் அம்மா நாலைந்து முறை சொன்னார். உண்மையான ஸ்கேனில் அசைவுக் கோடு வெகு அழகாக இருந்தது. ஆனால் மூளை முழுக்க ஒரே நேரத்தில் அலை ஏறி இறங்கியது. வெளியே வந்ததும் கேட்டோம். 'அம்மா அசையாதேன்னு சொன்னாங்க, அதான் மூச்சை அடக்கிக்கிட்டேன்' என்றான். மூச்சை அடக்கினால் ரத்தத்தில் கார்பன்டைஆக்சைடு ஏறும், ரத்தக் குழாய்கள் விரியும், மூளை முழுவதும் எஃப்எம்ஆர்ஐ சைகை உயரும். சொன்னதை அந்தப் பிள்ளை எழுத்துக்கு எழுத்து கேட்டிருக்கிறான், தவறு எங்களுடையது. அன்றிலிருந்து நாங்கள் 'அசையாதே' என்ற சொல்லையே எடுப்பதில்லை. 'தூங்குகிற பூனை மாதிரி இரு, பூனை மூச்சுவிடும், ஆனால் தலையைத் தூக்காது' என்று சொல்கிறோம். உங்கள் ஆய்வகத்துக்கு ஏற்றாற்போல் ஒரு வாசகத்தை முன்கூட்டியே முடிவு செய்து, அதையே எல்லோரும் சொல்லுங்கள். பெற்றோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

மற்ற வழிகள் சுருக்கமாக: படம் பார்க்கும் குழந்தை வெறும் சிலுவைக் குறியைப் பார்க்கும் குழந்தையைவிடக் குறைவாக அசையும். தலை அசைவை அப்போதைக்கு அப்போதே காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன, போதுமான நல்ல நிமிடங்கள் கிடைத்ததும் நிறுத்திவிடலாம். பச்சிளங்குழந்தைகளைப் பாலூட்டி, துணியில் சுற்றி, இயல்பாகத் தூங்கவைத்து ஸ்கேன் செய்கிறார்கள். லண்டனை மையமாகக் கொண்டு, கருவிலிருந்தும் பிறந்த சில வாரங்களிலும் மூளை இணைப்புகளை வரைந்த டெவலப்பிங் ஹியூமன் கனெக்டோம் திட்டம் சிசுக்களை அப்படித்தான் படமெடுத்தது. ஆய்வுக்காக மட்டும் மயக்க மருந்து கொடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

ஐந்தாம் படி: இன்றைய போக்குகளில் எதைப் பின்தொடர்வது

பெரிய எண்ணிக்கை முதலில். அமெரிக்காவில் ஏபிசிடி ஆய்வு 21 மையங்களில் 9, 10 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 11,900 பேரைச் சேர்த்து, பதின்பருவம் முழுக்கப் பின்தொடர்கிறது. எதற்கு இத்தனை பேர்? 2022இல் நேச்சர் இதழில் ஸ்காட் மாரெக் உள்ளிட்டோர், ஏபிசிடியையும் வேறு இரு பெரும் தொகுப்புகளையும் சேர்த்து ஏறக்குறைய 50,000 பேரின் தரவைப் பார்த்தார்கள். மூளை இணைப்புக்கும் அறிவுத்திறன், மனநலம் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது, இருபது முப்பது பேரை வைத்து அதைத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் தற்செயல், ஆயிரக்கணக்கானோர் வேண்டும். இதைப் படித்துவிட்டுச் சோர்ந்துபோகிற மாணவர்கள் பலர். சோர வேண்டாம். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைத் தேடும் ஆய்வுக்குத்தான் இந்தக் கண்டிப்பு. ஒரே குழந்தையை மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்து, அதே குழந்தைக்குள் நிகழும் மாற்றத்தைப் பார்க்கும் ஆய்வு சிறு எண்ணிக்கையிலும் வலுவாக நிற்கும். எம்ஐடியில் ஐந்து வயதில், வாசிக்கத் தெரியாதபோது ஸ்கேன் செய்த பிள்ளைகளை எட்டு வயதில் மீண்டும் ஸ்கேன் செய்தார்கள். எழுத்துகளை அடையாளம் காணும் பகுதி மூளையில் எங்கே உருவாகும் என்பதை, ஐந்து வயதிலேயே இருந்த இணைப்புகள் முன்கூட்டிக் காட்டின. 2016இல் வந்த ஆய்வு அது. ஒரு மெய்யெழுத்தின் முன்னும் பின்னும் மேலும் கீழும் உயிர்க்குறி ஏறும் தமிழ் எழுத்தில் இதே கேள்வியை எழுப்ப வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நோயைக் கண்டுபிடிக்கும் கனவு பற்றி ஒரு வரலாறு சொல்கிறேன். 2011இல் ஏடிஎச்டி-200 என்ற போட்டி நடந்தது. மூளைப் படங்களைக் கொடுத்து, எந்தப் பிள்ளைக்கு ஏடிஎச்டி என்று கணிக்கச் சொன்னார்கள். மிக அதிகத் துல்லியம் பெற்றது கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக அணி. அந்தக் கணிப்பில் அவர்கள் மூளைப் படத்தைப் பயன்படுத்தவே இல்லை. வயது, பாலினம், எந்தக் கைப் பழக்கம், அறிவுத்திறன் மதிப்பெண் போன்ற விவரங்களை மட்டும் கணினிக்குக் கொடுத்தார்கள். எஃப்எம்ஆர்ஐ மூலம் ஆட்டிசத்தையோ ஏடிஎச்டியையோ கண்டறிந்து தருகிறோம் என்று யாராவது பெற்றோரிடம் பணம் கேட்டால், கொடுக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு தனிக் குழந்தைக்கு இன்று எஃப்எம்ஆர்ஐ உண்மையாக உதவும் இடம், வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன் மொழிப் பகுதி எந்தப் பக்கம் என்று பார்ப்பது போன்ற சில மருத்துவத் தேவைகள்தான்.

கருவியைக் குழந்தை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோவது இன்னொரு போக்கு. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கெனேபா கிராமத்துக் குழந்தைகளையும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் குழந்தைகளையும் பிறப்பிலிருந்து இரண்டு வயது வரை எஃப்நிர்ஸ், ஈஈஜி கொண்டு பின்தொடர்ந்தது பிரைட் திட்டம். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் சிவ்கட் பகுதியில், கையில் தூக்கிச் செல்லக்கூடிய எஃப்நிர்ஸ் கருவியால் நான்கு மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளின் காட்சி நினைவை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்தும் சிவேதா ஆய்வு, நாட்டின் பல மையங்களில் 6 முதல் 23 வயது வரை ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு எம்ஆர்ஐயும் எடுத்தது. இந்தத் துறையின் தரவு பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியப் பிள்ளைகளுடையது என்பதால் இவற்றை ஆவலோடு பின்தொடருங்கள்.

விலை குறைந்த கருவியை ஏளனமாகப் பார்க்காதீர்கள். ருமேனியாவின் புகாரெஸ்டில் அநாதை இல்லக் குழந்தைகள் 136 பேரில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, வருடக்கணக்கில் ஈஈஜி எடுத்தார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்த பிள்ளைகளின் ஈஈஜி, எட்டு வயதில், இல்லத்தையே பார்த்திராத பிள்ளைகளுடையதை ஒத்திருந்தது. இந்தத் துறையில் நான் படித்ததில் மனத்தை மிகவும் அசைத்த முடிவு அது. அதற்கு ஈஈஜி போதுமாக இருந்தது.

மறுமுனையில், விழித்திருக்கும் கைக்குழந்தையை எஃப்எம்ஆர்ஐக்குள் படுக்கவைக்கும் துணிச்சலும் வந்துவிட்டது. யேல் பல்கலைக்கழகக் குழு 4 மாதம் முதல் 2 வயது வரையிலான 26 குழந்தைகளிடம், ஒரு படத்தைப் பார்க்கும் கணத்தில், மூளையின் ஆழத்தில் உள்ள நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸ் அதை நினைவில் பதிப்பதை 2025இல் காட்டியது. ஒரு வயதைத் தாண்டியவர்களிடம் அது இன்னும் தெளிவாக இருந்தது.

ஆறாம் படி: கைவைத்துப் பாருங்கள்

ஸ்கேனர் வேண்டாம், ஒரு மடிக்கணினியும் இணையமும் போதும். 2018இல் வெளிவந்த எம்ஐடி ஆய்வு ஒன்றில் 3 முதல் 12 வயது வரையிலான 122 பிள்ளைகளும் 33 பெரியவர்களும் ஸ்கேனருக்குள் ஓர் அனிமேஷன் குறும்படம் பார்த்தார்கள். அந்தத் தரவு முழுவதும் ஓப்பன்நியூரோ என்ற மூளைத் தரவு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் உள்ள நைலேர்ன் என்ற நிரல் தொகுப்பு, ஆரம்பத் திருத்தங்களை (முன்செயலாக்கம்) முடித்துச் சுருக்கிய வடிவில் அதைத் தானாகவே இறக்கித் தருகிறது. டெவலப்மென்ட் எஃப்எம்ஆர்ஐ என்ற பெயரில் தேடுங்கள். 155 பேரையும் ஒரே நாளில் இறக்க வேண்டாம், முப்பது பேர் போதும். ஒவ்வொருவருக்கும் 168 சட்டங்கள், இரண்டு நொடிக்கு ஒன்று.

முதல் வாரம் மூளையைத் தொடாதீர்கள். ஒவ்வொருவருடைய தலை அசைவின் சராசரியை எடுத்து, வயதுக்கு எதிரே புள்ளிகளாகக் குறியுங்கள். சிறியவர்கள் பக்கம் புள்ளிகள் எப்படி மேலே ஏறுகின்றன என்று உங்கள் கண்ணே பார்க்கட்டும். இரண்டாம் வாரம், அசைவுத் திருத்தம் எதுவும் இல்லாமல் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பைக் கணக்கிட்டு, பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒப்பிடுங்கள். மூன்றாம் வாரம், கூடவே தரப்பட்டிருக்கும் அசைவுக் காரணிகளைக் கழித்துவிட்டு அதே கணக்கைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு படங்களையும் அச்சிட்டு அருகருகே ஒட்டுங்கள். எவை மறைந்தன, எவை நின்றன என்று கையால் வட்டமிடுங்கள். பத்துக் கட்டுரை படித்தாலும் வராத உறுத்தல் அப்போது வரும்.

ஏழாம் படி: பெற்றோரிடமும் பிள்ளையிடமும் என்ன சொல்ல வேண்டும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவும் வேண்டும். ஏழு வயதிலிருந்து வாய்மொழியாகவும், பன்னிரண்டு வயதுக்கு மேல் எழுத்திலும் வாங்க வேண்டும். உண்மையாகவே கேளுங்கள். 'வேண்டாம்' என்று தலையாட்டும் பிள்ளையை இனிப்பு காட்டிக் கூட்டிப்போனால், அது இசைவு ஆகாது.

எதிர்பாராத ஏதாவது படத்தில் தெரிந்தால் எந்த மருத்துவர் பார்ப்பார், யார் பெற்றோரிடம் சொல்வார் என்று முதல் ஸ்கேனுக்கு முன்பே எழுதி வையுங்கள். நீங்களோ நானோ சொல்லக் கூடாது.

ஸ்கேன் முடிந்ததும் எல்லா அம்மாக்களும் ஒன்றைக் கேட்பார்கள்: 'மூளை நல்லா இருக்கா?' அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை இரவுக் கவலை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். இந்தப் படம் பல பிள்ளைகளைச் சேர்த்துப் பார்ப்பதற்காக எடுத்தது, ஒரு பிள்ளையைப் பற்றி இதை வைத்து எங்களால் சொல்ல முடியாது என்று உட்கார்ந்து, நிதானமாகச் சொல்லுங்கள். குழந்தைக்கு அவன் மூளையின் படத்தை அச்சிட்டுக் கொடுங்கள், பள்ளியில் காட்டிப் பெருமைப்படுவான். கீழே தமிழில், பெரிய எழுத்தில், 'இது மருத்துவ அறிக்கை அல்ல' என்று ஒரு வரி இருக்கட்டும்.